செல்வநாயகியின் ஒன்றரைப் பரப்பு

நீர்வேலியில் செல்வநாயகியைத் தெரியாதவர் என்று யாராவது இருந்தால் அவர் போன மாதம் குடிவந்தவராகத்தான் இருக்கவேண்டும். வயது அறுபத்துமூன்று. காலையில் கத்தியோடு வாழைத்தோட்டத்துக்குள் இறங்கினால் நாலைந்து குலை வெட்டிச் சந்தைக்கு அனுப்பிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். அதே ஆள் பின்னேரம் நாலு மணிக்கு மாதர் சங்கக் கூட்டத்துக்கு முதலாவதாக வந்து கதிரைகளை வரிசையாகப் போட்டிருப்பார். பிந்தி வருகிறவர்களை அவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த மாதம் அவர்கள் மூன்றே முக்காலுக்கே வந்துவிடுவார்கள்.

கணவர் கனகசபாபதி இளைப்பாறிய தபாலதிபர். பிறந்தது கரவெட்டி. கலியாணம் முடித்துப் பெண்சாதியின் சீதன வீட்டுக்கு வந்து நீர்வேலிக்காரராகி முப்பத்தேழு வருடமாகிறது. தபாற் கந்தோரில் வேலை பார்த்த பழக்கமோ என்னவோ, வீட்டில் அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தந்திக்குள் அடக்கிவிடலாம். அதிலும் பாதி, “உம்மடை விருப்பம்” என்பதாக இருக்கும். அப்படியொரு மனிதரைக் கட்டியது தான் செய்த புண்ணியம் என்று செல்வநாயகி வெளியாட்களிடம் சொல்வார். அவரிடம் நேரே சொன்னதில்லை. தலைக்கனம் வந்துவிடும் என்ற பயம்.

சங்கத்தில் செல்வநாயகி சேர்ந்தது எண்பத்தைந்தாம் ஆண்டு. இருபத்துமூன்று வயது, கலியாணம் ஆகவில்லை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் செயலாளராக்கினார்கள். தலைவி பாலேஸ்வரி அக்கா. வாத்தியாரின் மனைவி, கண்டாங்கிச் சேலையும் குடையுமாக வீடு வீடாக ஏறி இறங்கி, “ஒரு மணித்தியாலம் விடுங்கோ, தையல் பழகிப்போட்டு வந்திடுவினம்” என்று ஆண்களிடம் கெஞ்சி, பதினெட்டுப் பெண்களைச் சனசமூக நிலையத்தின் பின்னறைக்குக் கொண்டுவந்து இருத்தியவர். அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமல்ல. பெண்கள் கூட்டம் கூடினால் ஊர் கெட்டுப்போகும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். ஊர் அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கெட்டது, ஆனால் ஒருதரமாவது மாதர் சங்கத்தால் கெடவில்லை.

முதல் நாள் கூட்டத்தில் பாலேஸ்வரி அக்கா வரவு இடாப்பை எழுதச் சொன்னார். ஒவ்வொருவராகக் காட்டிக்காட்டி, திருமதி கதிரவேலு, திருமதி செல்வரட்ணம், திருமதி இராசையா என்று சொல்லிக்கொண்டு போனார். செல்வநாயகியும் எழுதிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்துச் சங்கத்துக்கு ஒரு தையல் மெஷின் வந்தது. நன்றாகத் தைக்கப் பழகியவருக்கு வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுப்பதென்று முடிவாகி, “திருமதி செல்வரட்ணம் அவர்களுக்கு” என்று அறிவித்தார்கள். எழுந்து வந்தவர்கள் மூன்று பேர். ஊரில் செல்வரட்ணங்கள் அவ்வளவு மலிவு. மூன்று பேரும் மெஷினில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன செல்வநாயகி புதுக் கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டார். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் சொந்தப் பேரைக் கேட்டார். கதிரவேலுவின் மனைவிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கேட்டதும் திகைத்துப்போய், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சிரித்தார். “என்ரை பேரோ? கனகாம்பிகை. கன வருசமா ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை” என்றார்.

பாலேஸ்வரி அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. புருசன்மாரின் பேர் இடாப்பில் இருப்பதால்தான் அவர்கள் இதைத் தங்களுடைய சங்கம் போல நினைத்து மனைவிமாரை அனுப்புகிறார்கள், அதை எடுத்தால் அடுத்த மாதம் அறை வெறுமையாக இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேணும் என்று வளர்ந்தவர் அவர். செல்வநாயகி கேட்கவில்லை. மூன்று செல்வரட்ணங்களைக் காட்டி வாதாடினார். கடைசியில் பாலேஸ்வரி அக்கா குடையால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

“பேர் எப்பிடிக் கிடந்தா என்ன பிள்ளை, வேலை நடக்கவேணும்.”

செல்வநாயகி பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று வாரம் சங்கப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது வாரம் கனகாம்பிகை படலையடியில் வந்து நின்று, தன் பேரை அந்தப் புதுக் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்டார். மற்றவர்களும் கேட்கிறார்களாம். பாலேஸ்வரி அக்கா வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்தார். ஒரு பெண்ணின் புருசனாவது அதனால் மறித்ததாகத் தெரியவில்லை. இடாப்பை அவர்கள் யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பது வேறு கதை.

அதற்குப் பிறகு வந்த காலத்தைச் செல்வநாயகி அதிகம் கதைப்பதில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடியபோது, உடுப்பு மூட்டைக்குள் அந்த இடாப்பையும் வைத்துக் கட்டினார். திரும்பி வந்து பெயர்களைக் கூப்பிட்டபோது பதில் வராத பெயர்கள் இருந்தன. அந்த வருடங்களில் சங்கம் தையல் பழக்கவில்லை. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடிய தாய்மாரோடு ஆமி முகாம் வாசல்களில் போய் இருந்தது. உரிமை என்ற சொல் அப்போது அவர்களுக்குப் பெரிய சொல்லாக இருந்தது. அவர்கள் கேட்டது ஆட்களை. செல்வநாயகி முத்து முத்தான கையெழுத்தில் நூற்றுக்கணக்கான மனுக்களை எழுதினார். பதில் வந்தவை மிகக் குறைவு. இப்போதும் அந்தப் பிரதிகள் அலுமாரியில் கிடக்கின்றன, அவர் எறியவில்லை.

பிரதீபா வந்தது மூன்றாவது தலைமுறை. இருபத்தொன்பது வயது, பிரதேச செயலகத்தில் உத்தியோகம், ஸ்கூட்டியை விட்டிறங்காமலே பாதிக் கூட்டம் நடத்திவிடுவாள். அவளைச் செயலாளராக்கச் சொன்னவரே செல்வநாயகிதான். தலைவி செல்வநாயகி, செயலாளர் பிரதீபா. பஸ்ஸில் பெண் பிள்ளைகளோடு சேட்டை விட்ட ஒருவனை அவள் பொலிஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அன்றைக்கு வேலைக்குப் போனாள். வாட்ஸ்அப்பில் சங்கத்துக்கு ஒரு குழு தொடங்கியதும் அவள்தான். அதில் நாளொன்றுக்கு எண்பது செய்தி வரும். செல்வநாயகி எல்லாவற்றுக்கும் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பிரதீபாவும் அவளோடொத்தவர்களும் போன வருடம் எடுத்துக்கொண்ட விசயம் தேசவழமை. யாழ்ப்பாணத்தாருக்கென்று இருக்கிற அந்தப் பழைய சட்டத்தில் பெண்களுக்குப் பாதகமான இடங்களைத் திருத்தச் சொல்லிக் கொழும்புக்கு ஒரு மனு அனுப்பப் போகிறார்களாம். செல்வநாயகி அதற்கும் கும்பிடுகிற கை போட்டிருந்தார்.

இப்படி இருக்கையில்தான் ஆவணி மாதம் சனசமூக நிலையத்தார் மரியாதையாக வந்து சொன்னார்கள். வாசிகசாலையைப் பெருப்பிக்கப் போகிறார்கள், பின்னறையை இடிக்கவேண்டும், தை பிறக்குமுன் சங்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது. அந்தப் பின்னறையில்தான் காலையில் முன்பள்ளி நடக்கிறது, இருபத்திரண்டு பிள்ளைகள். மத்தியானத்தில் தையல். பின்னேரத்தில் கூட்டம். பிரதீபா அலைந்து திரிந்து ஒரு தொண்டு நிறுவனத்தைப் பிடித்தாள். கட்டடம் கட்டித் தர அவர்கள் தயார். ஆனால் காணி சங்கத்தின் பேரில் இருக்கவேண்டும், ஐப்பசி முடியுமுன் காணிப் பத்திரமான உறுதியின் பிரதி கைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அந்த உதவி வேறு ஊருக்குப் போய்விடும்.

செல்வநாயகி அன்றிரவு ஒரு முடிவோடுதான் படுத்தார். றோட்டுக் கரையில் அவருடைய சீதனக் காணியில் ஒரு துண்டு இருக்கிறது. ஒன்றரைப் பரப்பு, ஏக்கரில் பத்திலொரு பங்கும் வராது. இதரை வாழை நிற்கிறது. பிள்ளைகள் நடந்து வரக்கூடிய இடம். அவருக்குக் கொடுக்கத் தன்னுடையதென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த மண்தான், அதைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டால் நாற்பது வருடத்துக்கும் ஒரு வீடு கிடைத்த மாதிரி இருக்கும். காலையில் புருசனிடம் சொன்னார். கனகசபாபதி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “உம்மடை காணி, உம்மடை விருப்பம்” என்றார். செல்வநாயகிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு மத்தியானம் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தார்.

உறுதி எழுதப் புரட்டாதியில் ஒரு நாள் மூன்று பேருமாக நகரத்துக்குப் போனார்கள். கொடுக்கிறவர் செல்வநாயகி, சங்கத்துக்காக ஏற்கிறவள் பிரதீபா, கூடப் போனவர் கனகசபாபதி. அப்படித்தான் செல்வநாயகி நினைத்திருந்தார். உறுதி எழுதுகிற நொத்தாரிசு குகதாசன் நல்ல மனிதர், முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர். ஆனால் உள்ளே போன நேரம் தொடக்கம் அவர் கனகசபாபதியைப் பார்த்தே கதைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, உங்களுக்கு இதிலை பூரண சம்மதம்தானே? ஒருத்தரும் வற்புறுத்தேல்லையே?”

“காணி அவவின்ரை” என்றார் கனகசபாபதி.

“அது விளங்குது ஐயா. நான் உங்கடை சம்மதத்தைத்தான் கேக்கிறன்.”

காணியைக் கொடுக்கிற தன்னை வற்புறுத்தினார்களா என்று யாரும் கேட்கவில்லையே என்பது செல்வநாயகிக்கு அந்த நேரம் தோன்றவில்லை. குகதாசன் உறுதியின் நகலை வாசித்தார். கிழக்கெல்லை றோட்டு, தெற்கெல்லை இன்னாரின் காணி என்று போய், “கணவரின் எழுத்து மூலமான சம்மதத்துடன்” என்ற இடம் வந்ததும் பிரதீபா கையை உயர்த்தினாள், பள்ளிக்கூடத்தில் மாதிரி. அந்த வரி இல்லாமல் எழுத முடியாதா என்று கேட்டாள். குகதாசன் பொறுமையாக விளக்கினார். தேசவழமைக்குட்பட்ட கலியாணமான பெண் தன் காணியை விற்கவோ கொடுக்கவோ ஈடு வைக்கவோ புருசனின் கையெழுத்து வேண்டும். சீதனக் காணி என்றாலும் அப்படித்தான். சட்டத்தை அவர் எழுதவில்லை, நூறு வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. புருசன் தன் காணியைக் கொடுப்பதானால் பெண்சாதி கையெழுத்து வைக்கவேண்டுமா என்று பிரதீபா கேட்டாள். வேண்டாம் என்றார்.

பிரதீபா நகலை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். செல்வநாயகியின் பக்கம் திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“அன்ரி, உந்த வரியை எடுக்கச் சொல்லித்தான் நாங்கள் மனு எழுதுறம். அதே வரியோடை வாற காணியிலை இருந்து அதை எழுதச் சொல்லுறியளோ? எனக்கு மனம் வரேல்லை.”

செல்வநாயகிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பது இதுதானே. கொடுக்க அவர் தயார், கையெழுத்து வைக்கப் புருசன் தயார், வாங்க வந்தவள் வேண்டாம் என்கிறாள். இருபத்திரண்டு பிள்ளைகளும் மாரி மழையில் எங்கே இருக்கும்? நல்ல புருசன் ஒருவர் பேனையோடு பக்கத்தில் இருக்க, அதை ஏன் பெரிதாக்கவேண்டும்?

“கையெழுத்து ஆர் வைச்சா என்ன பிள்ளை, வேலை நடக்கவேணும்” என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, நிலத்தில் ஒரு குடை தட்டிய சத்தம் காதுக்குள் கேட்டது. பாலேஸ்வரி அக்கா செத்துப் பத்து வருடம். அவருடைய குரல் தன் வாயால் இப்படி வரும் என்று செல்வநாயகி கனவிலும் நினைத்திருக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி, பிறகு வருவதாக நொத்தாரிசிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். மற்ற இருவரும் ஒன்றும் விளங்காமல் பின்னால் வந்தார்கள்.

இரண்டு நாள் வீட்டில் சட்டி பானைதான் பேசியது. யார்மேல் கோபம் என்று செல்வநாயகிக்கே தெளிவில்லை. பிரதீபாமேல் என்று முதலில் நினைத்தார். அவளைப்போலத்தான் தானும் பேனையை மூடி வைத்துவிட்டு வந்தேன் என்று நினைத்ததும் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று. மூன்றாம் நாள் காலை சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கனகசபாபதி வழக்கத்துக்கு மாறாகத் தானே வாய் திறந்தார்.

“இஞ்சேரும். போன வருசம் கரவெட்டிப் பனங்காணியைத் தம்பியின்ரை மகனுக்கு எழுதினன் எல்லோ. அப்ப நான் உம்மட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை என்ன?”

கேட்கவில்லைத்தான். காலையில் வெளிக்கிட்டுப் போனார், மத்தியானம் ஒரு பை வடையோடு வந்தார், சாப்பிடும்போது சொன்னார். செல்வநாயகி வடை நன்றாக இருக்கிறது என்று சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. அதில் என்ன பிழை இருக்கிறதென்று இந்த ஒரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் யோசிக்கவில்லை. நாற்பது வருடம் சங்கத்தில் இருந்தவர் யோசிக்கவில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. புருசன்மேலும் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசையாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் எவ்வளவு நேரம் கோபிக்கலாம்? இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார்.

சாப்பிட்ட கையோடு செல்வநாயகி தனியாக பஸ் ஏறி நகரத்துக்குப் போனார். நொத்தாரிசின் முன் கதிரையில் இருந்து, புருசனின் கையெழுத்து இல்லாமல் அந்தக் காணியைக் கொண்டு தான் என்னதான் செய்யலாம் என்று கேட்டார். குகதாசன் இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார், வேறு ஆள் இல்லையே. சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“மரணசாதனம் எழுதலாம் அம்மா. அதுக்கு அவற்றை சம்மதம் வேண்டாம். உங்களுக்குப் பிறகு சங்கத்துக்கெண்டு எழுதலாம்.”

“அப்ப நான் செத்தாப்பிறகு காணி என்ரை.”

குகதாசன் சிரித்தார். செல்வநாயகி சிரிக்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்து பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தார். பஸ் பாதி தூரம் வந்தபோது அது உள்ளே இறங்கியது. சாகிறதுக்குத்தான் புருசனிடம் கேட்கத் தேவையில்லையாம். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் பயந்து கொஞ்சம் தள்ளி இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவி எழுந்து இந்தக் கதையைச் சொன்னார். முதலில் ஒரு மூலையில் சிரிப்புக் கேட்டது, பிறகு அறை முழுக்கச் சிரித்தது. எழுபத்தைந்து வயதுக் கனகாம்பிகை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தன் புருசன் கதிரவேலு எதையும் பார்க்காமல் கையெழுத்து வைக்கிறவர், அதனால் தனக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது என்றார். பின்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. புருசன் விட்டுப் போய் ஆறு வருடமான பெண். வீட்டைத் திருத்தக் காணியை ஈடு வைக்கப் போனபோது, அவனைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கு, அல்லது கோட்டுக்குப் போ என்று சொன்னார்களாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. அவள் சொல்லி முடித்ததும் அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. தன் புருசன் நல்லவர் என்பதால் தனக்குத் தெரியாமல் இருந்தது எது என்று செல்வநாயகிக்கு அப்போதுதான் தெளிவாக விளங்கியது.

கூட்டம் விளக்கு வைக்கும் நேரம் வரை நீண்டது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளைகளைக் கொழும்பிலிருந்து பதில் வரும்வரை மழையில் இருத்த முடியாது, ஆகவே உறுதி எழுதப்படும், அந்த வரியோடுதான். பிரதீபா அதற்கு இறங்கி வந்தாள். ஆனால் உறுதிக்கு முன்னால் மனு போகவேண்டும், அதைத் தன் கையால் தானே எழுதுவதாகச் செல்வநாயகி சொன்னார். அவர் இறங்கி வந்தது அது. பிரதீபா தட்டச்சில் நாலு பக்கம் வைத்திருந்தாள், சட்டப் பிரிவுகளும் இலக்கங்களுமாக. செல்வநாயகி அதற்கு முன்னால் ஒரு பக்கம் வைத்தார். முகாம் வாசலுக்குப் பிறகு அவர் எழுதிய முதல் மனு அது. எழுத்து இப்போதும் முத்து முத்தாகவே விழுந்தது. எனக்கு அறுபத்துமூன்று வயது, எனக்குச் சொந்தமான காணியை நான் உயிரோடு இருக்கும்போதே கொடுக்க விரும்புகிறேன் என்று தொடங்கியிருந்தார். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது பின்வரிசைப் பெண்ணுடையது.

ஐப்பசி முதற்கிழமை மறுபடி மூன்று பேருமாகப் போனார்கள். குகதாசன் வாசித்து முடித்து உறுதியை நீட்டினார். செல்வநாயகி கையெழுத்து வைத்தார். பிறகு அது கனகசபாபதியிடம் போயிற்று. அவர் பேனையைத் திறந்தார், எழுதவில்லை, பெண்சாதியைப் பார்த்தார்.

“வைக்கட்டோ?” என்று கேட்டார்.

“வையுங்கோ” என்றார் செல்வநாயகி.

தை பிறந்து மழை விட்டதும் அத்திவாரம் வெட்டினார்கள். கட்டி முடியும்வரை முன்பள்ளி செல்வநாயகி வீட்டு மண்டபத்தில் நடந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் கனகசபாபதி பேப்பர் வாசிக்கப் பழகிக்கொண்டார். சிலவேளை முத்திரைகளைக் காட்டிக் கதையும் சொன்னாராம், பிள்ளைகள்தான் சொன்னார்கள். வைகாசியில் கூரை ஏறியது. கொழும்பிலிருந்து மனு கிடைத்ததாக ஒரு கடிதம் மட்டும் வந்தது. செல்வநாயகி அதைப் பழைய பிரதிகளோடு சேர்த்து வைக்கவில்லை. சட்டகம் போட்டுப் புதுக் கட்டடத்துச் சுவரில் மாட்டச் சொன்னார். அதைப் பார்த்துப் பார்த்து அடுத்த கடிதம் எழுதவேண்டுமாம்.

ஆனியில் திறப்பு விழா. அதற்கு முதல் நாள் பின்னேரம் எல்லோரும் வாழைக்குட்டியும் தோரணமுமாக ஓடித்திரிந்தார்கள். பிரதீபாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேர்ப்பலகை எழுதுகிற றெஜி வாசற்படிக்கு மேல் ஏணி வைத்து நின்றான். பிரதீபா கடதாசியில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அழகாக எழுதி முடித்திருந்தான்: “காணி அன்பளிப்பு: திருமதி கனகசபாபதி செல்வநாயகி.” நீல எழுத்து, மஞ்சள் கரை. செல்வநாயகி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. தன் பேரை அவ்வளவு பெரிய எழுத்தில் அவர் கண்டதில்லை.

தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஜெசிதா பக்கத்தில் வந்து நின்று அவளும் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, உயர்தரச் சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறவள், சங்கத்தில் சேர்ந்து ஒரு மாதமாகவில்லை.

“பிரதீபாக்கா, காணி குடுத்தது அன்ரியெல்லோ. அங்கிளின்ரை பேர் ஏன் முன்னுக்கு நிக்குது?”

பிரதீபா ஒரு கையில் கத்தரிக்கோலும் மறுகையில் நாளைக்கு வருகிற விருந்தினரின் பட்டியலுமாக நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பேர் எப்பிடிக் கிடந்தா என்ன ஜெசி, நாளைக்குத் திறப்பு விழா. வேலை நடக்கவேணும்.”

செல்வநாயகி சிரிக்கத் தொடங்கினார். பஸ்ஸில் சிரித்ததைவிட இது பெரிய சிரிப்பு. ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மேலே றெஜி ஆடிப்போய், “அம்மா, விழப்போறன்” என்றான். பிரதீபா பட்டியலிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பலகையைப் பார்த்தாள், செல்வநாயகியைப் பார்த்தாள், தான் சொன்னது அப்போதுதான் தன் காதில் விழுந்தது போலக் கத்தரிக்கோலோடு வாயைப் பொத்தினாள். ஜெசிதாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. தான் பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று முகம் சுருங்கிப்போனாள்.

“நீ கேட்டது சரி பிள்ளை” என்றார் செல்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எனக்கும் தெரியேல்லை, உவளுக்கும் தெரியேல்லை. றெஜி, அழிச்சுப்போட்டு என்ரை பேரை மட்டும் எழுதும்.”

றெஜி தயங்கினான். வாசலில் தேத்தண்ணித் தட்டோடு வந்த கனகசபாபதியைப் பார்த்தான். ஐயாவின் பேரை அழிக்கிறதோ என்று கேட்டான். கனகசபாபதி பலகையை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டுத் தட்டை நீட்டினார்.

“என்ரை பேர்தான் உறுதியிலை கிடக்குதே. அது காணும். நீ எழுது தம்பி.”

றெஜி தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பழைய சீலையை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தான். பெயின்ற் இன்னும் முழுதாகக் காயாததால் சுலபமாக வந்தது. செல்வநாயகி என்று எழுத அரை மணித்தியாலம் எடுத்தது. அதுவரை நாலு பேரும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு கீழே நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.